ஆஹா என்கிறார்கள், ஐயோ என்கிறார்கள்: ‘பியூட்டிஃபுல் கிரீச்சர்ஸ்’ வாங்கித் தரலாமா?

கேள்வி: ‘பியூட்டிஃபுல் கிரீச்சர்ஸ்’ நாவலைப் பற்றித் தேடிப் பார்த்தால் பாதிப் பேர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், மீதிப் பேர் நூறு பக்கத்தோடு மூடி வைத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது? என் அண்ணன் மகளுக்குப் பதினான்கு வயது. மந்திரக்காரிகள் வரும் கதை என்றால் உயிர். அவளுக்கு இதை வாங்கித் தரலாமா?

பதில்: தரலாம். ஆனால் காதல் கதை என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். இந்தப் புத்தகத்தைத் திட்டுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் காதலைத் தேடிப் போய் ஒரு ஊரிடம் மாட்டிக்கொண்டவர்கள். கொண்டாடுகிறவர்கள் அந்த ஊரிலேயே தங்கிவிட்டவர்கள். இரண்டு தரப்பும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறது என்பது என் எண்ணம். விரிவாகச் சொல்கிறேன். கதையின் முடிவை உடைக்க மாட்டேன்.

முதலில் புத்தகம் வந்த நேரத்தைப் பார்க்க வேண்டும். கேமி கார்சியா, மார்கரெட் ஸ்டோல் என்ற இரண்டு பெண்கள் சேர்ந்து எழுதியது. 2009 டிசம்பரில் வெளியானது. ‘ட்வைலைட்’ வரிசை 2005இல் தொடங்கி 2008இல் முடிந்து, பதின்ம வயது வாசகர்கள் எல்லாரும் அடுத்த அமானுஷ்யக் காதலுக்குக் காத்துக்கொண்டிருந்த சமயம். பதிப்பகங்களும் அதே பசியில்தான் இருந்தன. அதனால் இந்த நாவலும் அதே அலமாரியில், அதே மாதிரிக் கறுப்பு அட்டையோடு போய் உட்கார்ந்தது. அன்று எழுதப்பட்ட விமர்சனங்களில் பாதி, நேரடியாகவோ மறைமுகமாகவோ ‘ட்வைலைட்’டோடு ஒப்பிட்டே எழுதப்பட்டவை. அங்கே சாதாரணப் பெண், அமானுஷ்யமான பையன். இங்கே சாதாரணப் பையன், அமானுஷ்யமான பெண். ‘மாற்றிப் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்’ என்று ஒரு கூட்டம். ‘மாற்றிப் போட்டதால்தான் நன்றாக இருக்கிறது’ என்று இன்னொரு கூட்டம். பதினைந்து வருடங்களுக்கு மேல் ஆன பிறகு இந்தச் சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. உங்கள் அண்ணன் மகளுக்கும் இருக்காது. அதனால் 2009, 2010 காலத்து விமர்சனங்களைப் படிக்கும்போது அந்த ஒப்பீட்டைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

கதை தெரியாதவர்களுக்கு: தென் கரோலினாவில் காட்லின் என்று ஒரு கற்பனைச் சிற்றூர். ஈதன் வேட் அங்கே பிறந்து வளர்ந்த பையன், எப்போதடா இந்த ஊரை விட்டுப் போவோம் என்று இருப்பவன். அம்மா இறந்துவிட்டார், அப்பா எழுத்து அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வருவதில்லை. அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிற முதிய பெண்தான் அவனை வளர்க்கிறார். அவர் பெயர் ஆங்கிலத்தில் Amma; நம் ‘அம்மா’வோடு குழம்பிவிடும், ‘ஆமா’ என்று உச்சரிக்கலாம். அவன் கனவில் திரும்பத் திரும்ப ஒரு பெண் வருகிறாள். ஒருநாள் அவளே பள்ளிக்கு வந்து நிற்கிறாள். லீனா டுகேன். ஊரே பயப்படுகிற பழைய மாளிகையில் அடைந்து கிடக்கும் மேக்கன் ரேவன்வுட்டின் மருமகள். அவள் குடும்பம் மந்திர சக்தி உள்ள குடும்பம். கதையில் அவர்களுக்குக் ‘காஸ்டர்’ என்று பெயர். பதினாறாவது பிறந்தநாளில் அவள் ஒளியின் பக்கமா இருளின் பக்கமா என்பது முடிவாகிவிடும். அந்த நாளுக்கு இன்னும் எத்தனை நாள் என்று தன் கையில் எண்ணை எழுதிக்கொண்டு திரிகிறாள்.

இப்போது புகார்களுக்கு வருகிறேன். அடிக்கடி வருவது ‘நீளம்’. ஆங்கிலப் பதிப்பு 550 பக்கத்துக்கு மேல் போகும். நடுவில் ஒரு பெரிய பகுதியில் கதை நகரவே இல்லை என்று படிப்பவர்கள் சொல்கிறார்கள். உண்மைதான். ஒரு பழைய லாக்கெட், அதைத் தொட்டால் தெரியும் கடந்த காலக் காட்சிகள், நூலகம், திரும்ப மாளிகை, திரும்ப நூலகம் என்று ஒரே வட்டத்தில் சுற்றுகிற இடங்கள் இருக்கின்றன. நானாக இருந்தால் நூறு பக்கத்தைத் தயங்காமல் வெட்டியிருப்பேன். ஆனால் எந்த நூறு பக்கம் என்று கேட்டால் வாசகர்கள் ஒத்துப்போக மாட்டார்கள் என்பதுதான் வேடிக்கை. காதலுக்காகப் படிப்பவர்கள் ஊர்க் கிழவிகளை வெட்டச் சொல்வார்கள். ஈதனின் அந்த மூன்று கொள்ளுப் பாட்டிகளும் வந்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். நான் வெட்டுவது காதலர்கள் இருவரும் மனசுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் சாய்வெழுத்துப் பகுதிகளை. ‘எங்கே இருக்கிறாய்’, ‘இங்கேதான்’, ‘பயமாக இருக்கிறது’ என்று பக்கம் பக்கமாகப் போகும்.

இரண்டாவது புகார் ஈதனின் குரல். கிட்டத்தட்ட முழு நாவலையும் ‘நான்’ என்று தன்மையில் சொல்வது அவன்தான். ‘எந்தப் பதினாறு வயதுப் பையனும் இப்படிப் பேச மாட்டான், இது பெண் எழுதிய பையன்’ என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். இதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. அவன் கூடைப்பந்து ஆடுகிறவன், ஆனால் திருட்டுத்தனமாகப் புத்தகம் படிக்கிறவன். படித்த புத்தகங்களில் வரும் ஊர்களையெல்லாம் சுவரில் உள்ள வரைபடத்தில் குறித்து வைக்கிறவன். அப்படிப்பட்ட பையன் கொஞ்சம் நெகிழ்ந்து பேசுவதில் எனக்குச் சங்கடம் இல்லை. பையன் என்றால் உணர்ச்சியே இல்லாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அந்த வாசகர்களின் பிரச்சினை. சங்கடம் வேறு இடத்தில். லீனா என்ன உடுத்தியிருக்கிறாள், கழுத்தில் என்னென்ன கோத்துப் போட்டிருக்கிறாள் என்று ஒவ்வொரு காட்சியிலும் அவன் கவனிக்கிறான். ஆனால் அவளுக்கு என்ன பிடிக்கும், எதற்குச் சிரிப்பாள் என்பது புத்தகம் முடிந்த பிறகும் நமக்குத் தெரியாது. அழகாக இருக்கிறாள், கவிதை எழுதுகிறாள், அழுகிறாள், கோபம் வந்தால் மழை கொட்டுகிறது. ஆள் எங்கே? ‘காதல் எனக்கு ஒட்டவில்லை’ என்று சொல்கிற விமர்சனங்கள் சுற்றி வளைத்துச் சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன். பார்த்த உடனே காதல் என்பதைத்தான் பலர் குற்றமாகச் சொல்கிறார்கள். பார்த்த உடனே வரட்டும், விதி என்றே இருக்கட்டும், அதற்குப் பிறகாவது இருவரும் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டாமா?

கொண்டாடுகிறவர்கள் கையில் இருப்பது காட்லின். இந்த நாவலின் நிஜ நாயகி அந்த ஊர்தான், நிஜ வில்லியும் அந்த ஊர்தான். அங்கே அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு ‘வடக்கின் ஆக்கிரமிப்புப் போர்’ என்றுதான் பெயர். 1860 டிசம்பரில் அமெரிக்க ஒன்றியத்திலிருந்து முதலில் பிரிந்து போன மாநிலம் தென் கரோலினா. அந்தப் போரில் தெற்கு தோற்றதை நூற்றைம்பது வருடமாகியும் செரித்துக்கொள்ள முடியாத ஊராக எழுதியிருக்கிறார்கள். பழைய சீருடையைப் போட்டுக்கொண்டு போர்க்களத்தைத் திரும்ப நடித்துப் பார்ப்பது அவர்களுக்குத் திருவிழா. எந்தக் குடும்பம் எந்தத் தலைமுறையில் வந்தது என்பதுதான் அங்கே ஒருவரின் தகுதி. அப்படிப்பட்ட ஊருக்குள், பிண ஊர்தியை ஓட்டிக்கொண்டு ஒரு பெண் பள்ளிக்கு வருகிறாள். வகுப்பில் ஜன்னல் கண்ணாடி வெடிக்கிறது. அப்புறம் என்ன, ஊரிலுள்ள தாய்மார்கள் எல்லாரும் சேர்ந்துகொள்கிறார்கள். அவளைப் பள்ளியை விட்டுத் துரத்த ஒரு விசாரணை நடக்கிறதே, அந்தக் காட்சிக்காகவே இந்தப் புத்தகத்தை வாங்கலாம். மந்திரம் ஒன்றும் பெரிதாக நடக்காத காட்சி அது. ஊர் கூடினால் என்ன நடக்கும் என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது, படிக்கப் படிக்க வயிறு கலங்குகிறது.

இங்கே பல விமர்சனங்கள் தவறவிடுகிற ஒன்று. மேக்கனின் நாய்க்குப் பெயர் பூ ராட்லி. ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலில் வீட்டை விட்டு வெளியே வராத மனிதனின் பெயர் அது. ஈதனின் வகுப்பிலும் அந்த நாவல் வருகிறது. இது வெறும் குறும்பாக வைத்த பெயர் இல்லை. தெற்கத்திச் சிற்றூர், ஊர் பயப்படுகிற வீடு, அதில் யாரும் பார்க்காத ஒரு மனிதன், ஊரே எழுந்து நின்று ஒருவரைக் குற்றவாளி ஆக்குவது, அதற்கு எதிராக நிற்கும் ஒரு பெரியவர் என்று 1960இல் வந்த அந்த நாவலின் எலும்புக்கூட்டின் மேல்தான் இவர்கள் மந்திரத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இது இரட்டை ருசி. ‘மாயக்கதை என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூட அரசியலை எழுதியிருக்கிறார்கள்’ என்று எரிச்சல்படுகிறவர்களுக்கு அந்த முன்கதை தெரியாது, தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. பதினான்கு வயதில் தெரியாமல் படிப்பது நல்லதுதான்; பின்னாளில் அந்த நாவலைக் கையில் எடுக்கும்போது ‘அட, அந்த நாய்!’ என்று சிரிக்கலாம்.

துணைப் பாத்திரங்களைப் பற்றி மட்டும் இரு தரப்புக்கும் சண்டை இல்லை. மேக்கனை எல்லாருக்கும் பிடிக்கிறது. பேச்சில் நாகரிகம், கண்ணில் குறும்பு, உள்ளே இருட்டு. லீனாவின் உறவுக்காரி ரிட்லி, கையில் லாலிபாப்போடு வந்து இறங்கும்போதெல்லாம் கதைக்குச் சூடு ஏறுகிறது. எதிர்பக்கம் போய்விட்ட பெண் அவள். லீனாவைவிட அவளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் வாசகர்களுக்கு ஆசை வந்தது, பிறகு அவளையும் ஈதனின் நண்பன் லிங்கையும் வைத்துத் தனி வரிசையே எழுதினார்கள். நூலகர் மேரியனும் அவர் பொறுப்பில் இருக்கும் நிலத்தடி மந்திர நூலகமும் இன்னொரு விருப்பம். மாவட்ட நூலகம் அரசு விடுமுறையில் மூடிக் கிடக்கும் நாட்களில்தான் அது திறக்கும் என்று வைத்திருக்கிறார்கள். இப்படி ஒரு விவரத்தை யோசித்தவர்களை, சாய்வெழுத்துக் காதல் வசனங்களுக்காக நான் மன்னித்துவிடுகிறேன்.

இனி கொஞ்சம் கனமான புகார்கள். இவை முதல் வருடங்களில் குறைவாகவும், போகப்போக அதிகமாகவும் வந்தன.

ஒன்று, மற்றப் பெண்கள். லீனாவைத் தவிரப் பள்ளியில் இருக்கும் பெண்கள் எல்லாரும் ஒரே அச்சு. முடி, நகப்பூச்சு, பொறாமை, கெட்ட புத்தி. ‘இவள் மற்றப் பெண்கள் மாதிரி இல்லை’ என்பதுதான் ஈதன் லீனாவுக்குத் தருகிற பெரிய பாராட்டு. இதைப் படித்து வளர்ந்த வாசகிகள் பலர் இருபதுகளில் திரும்பிப் படித்து முகம் சுளித்திருக்கிறார்கள். சரியான சுளிப்பு. சூனியக்காரி என்று ஒரு பெண்ணை ஊர் ஒதுக்குவது தவறு என்று சொல்லும் கதை, வேறு பத்துப் பெண்களை அதே சுலபத்தோடு ஒதுக்கிவிடுகிறது. ஒரு பாத்திரத்துக்காவது, பள்ளி விளையாட்டுகளில் ஆடி உற்சாகமூட்டும் ‘சியர்லீடர்’ பெண்களில் ஒருத்திக்காவது, ஒரு மனசாட்சி உறுத்தல் கொடுத்திருக்கலாம்.

இன்னொன்று, ஆமா. கறுப்பினப் பெண். வெள்ளைக்காரக் குடும்பத்துப் பையனைத் தாய்க்குத் தாயாக வளர்க்கிறார், சமைக்கிறார், சீட்டுப் போட்டு எதிர்காலம் பார்க்கிறார், மூதாதையர்களுக்குப் படையல் வைத்துப் பேசுகிறார், குறுக்கெழுத்துப் புதிர் போடுகிறார். படிப்பதற்கு அருமையான பாத்திரம். எனக்கு மேக்கனைவிட இவரைப் பிடிக்கும். ஆனால் வெள்ளைக் குடும்பத்துக்காகவே வாழ்கிற கறுப்பினப் பணிப்பெண் என்பது அமெரிக்க எழுத்தில் ரொம்பப் பழைய அச்சு. அதுவும் போரின் நினைவில் மிதக்கும் ஒரு தெற்கத்தி ஊரில், தோட்டப் பண்ணைக் காலத்துக் காதலர்களைப் பனிமூட்டத்தில் காட்டும் ஒரு கதையில், அடிமைமுறை பற்றிய பேச்சு எவ்வளவு மெல்லிசாகக் கடந்து போகிறது என்று கேட்கிறவர்களுக்கு நாவல் பதில் வைத்திருக்கவில்லை. ஊரின் பெருமிதத்தைக் கிண்டல் செய்கிறது, உண்மை. அந்தப் பெருமிதம் யார் முதுகில் நின்றது என்று கேட்கும் இடம் வரும்போது காதலர்களிடம் திரும்பிவிடுகிறது. உங்கள் அண்ணன் மகளோடு சேர்ந்து பேச வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது என்றால் இதுதான். அவளிடம் முன்கூட்டியே பாடம் எடுக்க வேண்டாம். படித்து முடித்த பிறகு, ‘ஆமாவுக்கு என்று ஒரு வீடு, ஒரு வாழ்க்கை இருந்ததா, அதை எத்தனை பக்கம் பார்த்தோம்?’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

தேர்வு என்ற விஷயம் இருக்கிறது. மற்றக் காஸ்டர்கள் தங்கள் பக்கத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம், லீனாவின் குடும்பத்தில் மட்டும் அது முடியாது. ஏன் என்பது கதையின் முடிச்சு, அதைத் தொட மாட்டேன். ‘அவள் கையில் ஒன்றுமே இல்லை, விதி வந்து முத்திரை குத்தும் வரை காத்திருக்கிறாள், இது என்ன நாயகி?’ என்பது ஒரு வாசிப்பு. பதினைந்து வயதில் ‘நான் என் அம்மா மாதிரியே ஆகிவிடுவேனோ’ என்று பயப்படாத பெண் யார் என்பது இன்னொரு வாசிப்பு. வயதைப் பொறுத்து இது மாறுகிறது. பெரியவர்கள் முதல் வகையில் எழுதுகிறார்கள், பதின்ம வயதினர் இரண்டாவது வகையில் உருகுகிறார்கள். இதில் நான் பிள்ளைகள் பக்கம். கையில் எண்ணை எழுதி அழித்து எழுதிக்கொண்டே ஒரு நாளை நோக்கிப் போவது அந்த வயதின் பயத்தை அப்படியே பிடித்திருக்கிறது. பதின்ம வயதுக்காரர்களைக் கேட்டுக் கேட்டு எழுதியதால் வந்த லாபமாக இருக்கலாம். வீட்டுப் பிள்ளைகள் விட்ட சவாலில்தான் இதை எழுதத் தொடங்கியதாக ஆசிரியர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

தெற்கத்தி வாசகர்களின் ஒரு தனிப் புகாரையும் சொல்லிவிடுகிறேன். ‘எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் இப்படி மூடர்களா?’ என்று. எழுதியவர்கள் லாஸ் ஏஞ்சலஸ்வாசிகள் என்பதையும் சேர்த்துக் குத்துகிறார்கள். கொஞ்சம் நியாயம் உண்டு. காட்லினில் புத்தகம் படிக்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பரிசு, விருது என்று பார்த்தால், அமெரிக்க நூலகச் சங்கத்தின் இளையோர் பிரிவு முதல் நாவல்களுக்குக் கொடுக்கும் வில்லியம் சி. மோரிஸ் விருதின் 2010 இறுதிப் பட்டியலில் இது இருந்தது. விருது கிடைக்கவில்லை. நூலகர்களுக்கு இந்தப் புத்தகம் பிடிப்பதில் ஆச்சரியம் என்ன, அதில் நூலகர்தான் கிட்டத்தட்டத் தெய்வம்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். பதினான்கு வயதுக்கு உள்ளடக்கத்தில் பயப்பட ஒன்றும் இல்லை. காதல் முத்தத்தைத் தாண்டிப் போவதில்லை. கேலி, ஒதுக்குதல், ஊர்ப் பகை இவைதான் கடினமான பகுதிகள். சாவு உண்டு, கடைசிப் பகுதி இருட்டானது. பள்ளியில் இப்போது யாராவது அவளைக் கூட்டமாகச் சேர்ந்து தொல்லை செய்துகொண்டிருந்தால் மட்டும் கொஞ்சம் பொறுத்துக் கொடுங்கள், அல்லது அதற்காகவே கொடுங்கள். அது உங்களுக்குத்தான் தெரியும். அவள் படிப்பது ஓட்டமான சண்டை, மந்திரப் போட்டி, திருப்பத்துக்கு மேல் திருப்பம் என்றால் இது சரிப்படாது. மழை நாளில் ஒரு வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று சாவகாசமாகப் படிக்கப் பொறுமை இருந்தால் இது அவளுடைய புத்தகம். முதல் ஐந்து அத்தியாயத்தில் ஊர் பிடிக்கவில்லை என்றால் பிறகும் பிடிக்காது, தைரியமாக மூடச் சொல்லுங்கள்.

தொடர்ச்சியாக மூன்று பாகங்கள்: ‘பியூட்டிஃபுல் டார்க்னஸ்’ 2010, ‘பியூட்டிஃபுல் கேயாஸ்’ 2011, ‘பியூட்டிஃபுல் ரிடெம்ப்ஷன்’ 2012. நான்கையும் ஒரேயடியாக வாங்காதீர்கள். இரண்டாம் பாகத்தில் லீனா விலகிப் போக, லிவ் என்ற இன்னொரு பெண் வருகிறாள். முதல் பாகத்தை நேசித்தவர்களே அதில் கொதித்துப் போனார்கள். எனக்கு லிவ்வைப் பிடிக்கும், பேச ஏதாவது வைத்திருக்கிறாள் என்பதால். கடைசிப் பாகங்களுக்கு வரும் மதிப்பீடுகளை வைத்து ஏமாற வேண்டாம்: பிடிக்காதவர்கள் அதற்குள் இறங்கிவிட்டிருப்பார்கள், மிஞ்சியவர்கள் ரசிகர்கள் மட்டும்தான். நான்காம் பாகத்தில் ஒரு பகுதியை லீனாவே சொல்கிறாள். அவள் குரல் முதல் பாகத்திலேயே கிடைத்திருந்தால் பாதிப் புகார்கள் வந்திருக்காது.

2013இல் வந்த படத்தைப் புத்தகத்துக்கு முன்னால் காட்டாதீர்கள். ஜெரமி அயர்ன்ஸ் மேக்கனாகவும், வயோலா டேவிஸ் ஆமாவாகவும் நடித்திருக்கிறார்கள், நடிப்பில் குறையில்லை. ஆனால் ஆமாவையும் நூலகர் மேரியனையும் ஒரே பாத்திரமாக்கிவிட்டார்கள், முடிவையும் மாற்றிவிட்டார்கள். அடுத்த பாகம் எடுக்கப்படவில்லை. ‘பார்த்தேன், சுமார், அதனால் புத்தகம் படிக்கவில்லை’ என்று எழுதுகிறவர்களின் கருத்தை நீங்கள் கணக்கில் எடுக்கவே வேண்டாம். அவர்கள் சொல்வது வேறொரு கதையைப் பற்றி.